பருப்புக்கீரையைப் பிடுங்கி எறியாதே

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மாடித்தோட்டப் படத்தைப் பார்த்தேன். ஆறு பையில் லெட்யூஸ், இரண்டில் கேல். பைகளுக்கு நடுவே, தரையில், நீ பிடுங்கிப் போட்ட களைக்குவியல். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்குமேல் பருப்புக்கீரை! அந்தக் குவியலைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் லெட்யூஸில்தான் ஆரம்பித்தேன். ஒரு பொட்டலம் விதை வாங்கிப் பங்குனிக் கடைசியில் தூவினேன். திருச்சி வெயில் உனக்குத் தெரியாததா? மண்ணின் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் அந்த விதை பெரும்பாலும் உறங்கிவிடும். தப்பி முளைத்த நாலு செடியும் சாண் உயரம் வருமுன் பூந்தண்டு விட்டு, இலை வேம்பாகக் கசந்தது. விதைக் கடைக்காரரைத் திட்டினேன்; பாவம், அவர்மேல் தப்பில்லை. அது குளிருக்கான செடி. ஆசைக்குக் கார்த்திகை முதல் தை வரை ஒரு பை போட்டுக்கொள். அதில் 100க்கு 95 பங்கு தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வை.

பச்சையாகக் கீரை தின்பது நமக்குப் புதிதல்ல. எனக்கு அதைப் பழக்கியவர் கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். வல்லாரையைக் கழுவி, ஈரம் போக உதறி, நூல்நூலாக அரிவார். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்து கையால் பிசறுவார். எலுமிச்சையைத்தான் தேசிக்காய் என்பார். வல்லாரைச் சம்பல்! அடுப்பே பற்றவைக்க வேண்டாம். புளிப்பு ருசிக்காகத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்; விஷயம் அது மட்டுமில்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சையின் வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக ஒட்டும். பீட்டா கரோட்டின் சேர்வதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதைத் தேங்காய் பார்த்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் குடிக்காதே, எலுமிச்சை செய்த வேலையை அது கெடுக்கும்.

வல்லாரைக்கு விதை தேடி அலையாதே. ஓடும் கொடியில் கணுவுக்குக் கணு வேர் விடும். வேரோடு ஒரு துண்டு போதும். அரை அடி ஆழத் தொட்டி, பாதி நிழல், காயாத ஈரம், அவ்வளவுதான். பொன்னாங்கண்ணியும் அப்படியே, சமையலுக்கு இலை கிள்ளியபின் மிஞ்சும் தண்டைச் செருகினால் பிழைத்துக்கொள்ளும். புதினாவும் கொடிப்பசலையும்கூட இப்படித்தான். ஒரு கட்டு வாங்கிய காசு, பிறகு வருஷக்கணக்கில் அறுப்பு.

வீட்டில் வளர்க்கச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வாய்க்காலோரம் செழிப்பவை. இன்றைக்கு வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும். கொதியில் சாகிற கிருமி சம்பலில் சாகாது. இதே காரணத்துக்காக, பச்சையாகத் தின்கிற இலைமேல் பஞ்சகவ்யம் தெளிக்காதே. இதைச் சொன்னால் மாடித்தோட்ட நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். சாணமும் கோமியமும் கலந்ததை இலையில் அடித்து, அதை வேகவைக்காமல் தின்பது எந்த ஊர் நியாயம்? நன்றாக மக்கிய உரத்தை மண்ணில் போடு. இலைக்குத் தண்ணீர் போதும்.

இப்போது உன் குவியலுக்கு வருகிறேன். பருப்புக்கீரையை நீ விதைக்கவே வேண்டாம். அடுத்த செடியின் தொட்டியில் அதுவாக வரும். சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் வாடும்போது இது தளதளவென்று படரும். மற்றக் கீரைகளில் கொஞ்சமாகவே இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு இதில் தாராளம். ஒரு வேடிக்கை: தண்ணீர் குறைந்த நாட்களில் இந்தச் செடி ராத்திரியில் காற்றை வாங்கிப் புளிப்பாகச் சேமித்துவைத்து, பகலில் செலவழிக்கும். அதனால் விடியற்காலையில் கிள்ளினால் புளிக்கும், சாயங்காலம் கிள்ளினால் புளிப்பு அடங்கியிருக்கும். தயிர்ப்பச்சடிக்கு நான் மாலையில்தான் கிள்ளுவேன். தயிர் சேர்ப்பதிலும் ஒரு லாபம்: இந்தக் கீரையில் ஆக்சலேட் அதிகம், தயிரின் சுண்ணாம்புச்சத்து அதை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். உன் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்ததாகச் சொன்னாயே, அவருக்கு இது வேண்டாம். கிள்ளும்போது தண்டை ஒடித்துப் பார். பால் வந்தால் அது வேறு செடி, தூக்கிப் போடு.

எல்லாக் கீரையையும் பச்சையாக மென்று பார்க்கும் உற்சாகம் உனக்கு வரலாம். அரைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கை எல்லாம் அடுப்புக்கே போகட்டும்.

அவசரமாக ஏதாவது முளைத்துப் பார்க்க வேண்டும் என்றால் அஞ்சறைப்பெட்டியைத் திற. வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, காலையில் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போடு. ஒரு வாரம், பத்து நாளில் கத்தரியால் வெட்டலாம். பிஞ்சில் கசப்பு அவ்வளவாக இராது. கடுகும் அப்படியே, கடித்தால் சுள்ளென்று ஏறும். சமையல் கடுகே போதும். விதைக்கடைப் பாக்கெட்டில் பூஞ்சை மருந்து பூசிய விதையும் வரும், அதைத் தூவிப் பத்தாம் நாள் தின்னக் கூடாது. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போனால் தொட்டி ஓரத்தில் கொஞ்சம் நொய்யரிசி போட்டு வை, அதில் மேய்ந்துகொண்டிருக்கும்.

கேல் பையில் ஒன்றைக் காலி செய். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு பழைய துணிப்பை கொண்டுவா. வல்லாரைக் கொடியை வேரோடு எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா