40 கேபி-யில் அடங்கிய சூப்பர் மேரியோ

செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் 2 அல்லது 3 எம்பி இடம் போய்விடுகிறது. ஆனால் 1985-ல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' கேமின் மொத்த அளவே 40 கேபி தான். 32 ஸ்டேஜ்கள், படங்கள், இசை, புரோகிராம் எல்லாம் இதற்குள் அடக்கம். இது எப்படி முடிந்தது? புரோகிராம் எழுதக் கற்பவர்களுக்கு இதில் நல்ல பாடம் உண்டு.

கருவியின் எல்லைகள்

இந்த கேம் ஓடிய கருவி ஃபேமிகாம். 1983-ல் ஜப்பானில் வந்தது. 1985-ல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. நம் நாட்டில் 1990-களில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகள் பலவும் இதன் நகல்களே. இதன் வசதிகளைப் பாருங்கள்.

* பிராசசர்: 8 பிட், 1.79 மெகா ஹெர்ட்ஸ்
* ராம்: 2 கேபி
* திரை: 256 × 240 புள்ளிகள்
* ஒரே நேரத்தில் திரையில் வரும் நிறங்கள்: 25
* நகரும் உருவங்கள் (ஸ்பிரைட்): மொத்தம் 64. ஒரே கிடைக்கோட்டில் 8 மட்டும்

1. படத்தை அல்ல, குறிப்பைச் சேமிப்பது

ஒரு திரையில் 61,440 புள்ளிகள். புள்ளிக்கு 2 பிட் என்றாலும் 15,360 பைட் தேவை. மூன்று திரைகளைச் சேமித்தாலே 40 கேபி தாண்டிவிடும். எனவே 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்கள் (டைல்) மட்டுமே சேமிக்கப்பட்டன. ஒரு டைலுக்கு 16 பைட். 512 டைல்களுக்கு 8 கேபி. தரையில் ஓடு பதிப்பது போல இவற்றை அடுக்கித் திரை அமைக்கப்படுகிறது. மேரியோவில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே டைல்கள் தான்! நிறம் மட்டும் வேறு.

ஸ்டேஜ்களும் இப்படியே. ஒவ்வொரு பொருளுக்கும் 2 பைட். முதல் பைட்டில் அது இருக்கும் இடம். இரண்டாவதில் அது என்ன பொருள், எவ்வளவு நீளம் என்ற விவரம். 'இந்த இடத்தில் 6 செங்கல்' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். செங்கற்களை புரோகிராம் அடுக்கிக்கொள்ளும்.

2. சரியான நேரத்தைப் பிடிப்பது

மேரியோ ஓடும்போது பின்னணி முழுவதும் நகர்கிறது. ஆனால் மேலே உள்ள ஸ்கோர் வரி நகராது. ஸ்கோரும் பின்னணியின் ஒரு பகுதிதான். பின் எப்படி?

டிவி திரை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரையப்படுகிறது. ஸ்கோருக்கு அருகில் உள்ள காசுப் படத்தோடு ஒரு ஸ்பிரைட்டை ஒளித்து வைத்தார்கள். அந்த இடத்தை வரையும்போது வீடியோ சிப் ஒரு பிட்டை மாற்றும். புரோகிராம் அதைக் கவனித்து, அதன் பிறகே பின்னணியை நகர்த்தும். குறை என்னவென்றால், பிட் மாறும் வரை பிராசசர் வேறு வேலை செய்யாமல் காத்திருக்க வேண்டும்.

3. இல்லாததை கேசட்டில் வைப்பது

1988-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3' கேமில் ஸ்கோர் வரி திரையின் அடியில் இருக்கிறது. அதுவரை பிராசசர் காத்திருந்தால் கேமை நடத்த நேரமே இருக்காது. எனவே எம்எம்சி 3 என்ற சிப்பை கேசட்டுக்குள் வைத்தார்கள். அது வரிகளை எண்ணி, உரிய நேரத்தில் பிராசசரைக் கூப்பிடும்.

இன்னொரு உதவியும் அது செய்தது. கேசட்டில் உள்ள புரோகிராமில் 32 கேபி மட்டுமே ஒரு நேரத்தில் பிராசசருக்குத் தெரியும். இந்த சிப், தேவையான பகுதியை அவ்வப்போது மாற்றித் தந்தது. இதனால் மேரியோ 3-ன் அளவு 384 கேபி ஆனது. 1993-ல் வந்த 'கிர்பிஸ் அட்வென்சர்' 768 கேபி. கருவிக்கு அப்போது வயது பத்து. அதன் சொந்த ராம் அதே 2 கேபி தான்.

4. முடியாததைப் பங்கிடுவது

ஒரே கிடைக்கோட்டில் ஒன்பதாவது ஸ்பிரைட் வந்தால் கருவி அதை வரையாது. எதிரி கண்ணில் படாமலே போனால் விளையாட முடியுமா? எனவே பல கேம்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்பிரைட்களின் வரிசையை மாற்றின. விநாடிக்கு 60 ஃபிரேம் என்பதால் எல்லா உருவங்களும் தெரியும், ஆனால் மினுக்கும். கேசட் பழுது என்று அன்று நாம் ஊதி ஊதிச் செருகியிருப்போம். உண்மையில் அது புரோகிராமர் தெரிந்தே செய்த சமரசம்.

நீங்கள் செய்து பாருங்கள்

புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே ராமைக் கூட்ட நினைக்கிறோம். அதற்கு முன், எதைச் சேமிக்கிறோம், எதைக் கணக்கிட்டே பெறலாம் என்று எழுதிப் பாருங்கள். ஒரு சிறு பயிற்சி: சதுரங்கப் பலகையில் எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்பதை எத்தனை பைட்டில் சேமிக்கலாம்? கட்டத்திற்கு ஒன்று என 64 பைட் போதும். அதையே 32 பைட்டில் முடிக்க முடியுமா? ஒரு கட்டத்தில் 13 நிலைகள் தான் சாத்தியம் என்பது குறிப்பு.