மறைத்து வைத்த மதிப்பீடு

மேலதிகாரி நம் வேலையை மதிப்பிடுகிறார். பிடித்தவருக்குக் கூட்டிப் போடலாம். பிடிக்காதவருக்குக் குறைத்துப் போடலாம். அது நமக்குத் தெரியாவிட்டால்?

தேவ் தத் ஓர் இன்ஜினியர். எல்லைச் சாலைப் பணியில் இருந்தார். அந்தப் பணியின் பயிற்சி மையம் நம் புனேயில், திகியில் உள்ளது. அவருடைய பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டுகள் 'மிக நன்று' தேவைப்பட்டது. 1993-94இல் அவருக்குப் போட்டது 'நன்று'. அதை அவரிடம் சொல்லவில்லை. பதவி உயர்வு கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார்.

2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அரசு ஊழியரின் ஒவ்வொரு மதிப்பீட்டையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். முறையிட வாய்ப்பும் தர வேண்டும்.

தெரிந்தால்தான் கேட்கலாம். கேட்டால்தான் தவறு திருந்தும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் எழுதுங்கள்:
1. தேவ் தத்திடம் எதைச் சொல்லவில்லை?
2. நீதிமன்றம் என்ன கூறியது?