கண்ணாடி அறைக்கு வெளியே சில வேலைகள்

எனக்குத் தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டால் வேறு மொழி தெரியாது. அப்படியிருந்தும், மெல்பர்னின் கிளேட்டன் பகுதியில் சில சபைகள் சேர்ந்து நடத்தும் மாநாட்டில் தமிழ், மாண்டரின், பார்சி என்று மூன்று மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கும் ஓடியாடி உதவும் பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது. "பார்சி தெரியாம நீங்க அங்க என்னண்ணே பண்ணுவீங்க?" என்று பாளையங்கோட்டையிலிருந்து தம்பி கேட்கிறான். அவனுக்குப் பதிலாகவும், இந்த வேலைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவியாகவும் இதை எழுதுகிறேன்.

கிளேட்டனில் 1961இல் மோனாஷ் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. பிறகு பெரிய மருத்துவமனையும் வந்தது. படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், அவர்களைப் பார்க்க வந்து பேரப்பிள்ளைகளோடு தங்கிவிட்ட பெற்றோர் என்று பல நாட்டு மக்கள் இந்தப் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். ஒரே ஆலயக் கட்டடத்தில் காலையில் ஆங்கில ஆராதனை, மதியம் சீன ஆராதனை, சாயங்காலம் இன்னொரு மொழி என்று முறை வைத்துக்கொள்வது மெல்பர்னில் சகஜம். வாரம் முழுக்கத் தனித்தனியாகக் கூடுகிறவர்கள் மாநாட்டுக்கு ஒன்றாக உட்காரும்போதுதான் மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது.

நம் ஊர் கன்வென்ஷன் கூட்டங்களில் இது வேறு மாதிரி. பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வார். 1956இல் பில்லி கிரஹாம் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்தபோதும் இப்படித்தான் பேசினார். அந்த முறையில் பேசுகிறவர் காத்திருப்பார், மொழிபெயர்ப்பவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மூன்று மொழி என்றால் அது நடக்காது. ஒரு மணி நேரச் செய்தி நான்கு மணி நேரமாகிவிடும். அதனால் இங்கே பிரசங்கியார் நிறுத்தாமல் பேசுவார். மொழிபெயர்ப்பாளர்கள் பின்பக்கத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே பேசுவார்கள். சபையார் காதில் கருவி மாட்டிக் கேட்பார்கள்.

கேட்டுக்கொண்டே பேசுகிறவருக்கு வேறு எதற்கும் கை ஒழியாது. தாளைத் தேட முடியாது, சத்தம் சரியில்லை என்று எழுந்து போக முடியாது, தண்ணீர் எடுத்துவர முடியாது. இந்த மூன்றையும் வேறொருவர் பார்த்துக்கொண்டால் மொழிபெயர்ப்பு பாதி சரியாகிவிடும். அந்த வேறொருவருக்கு மொழி தெரிய வேண்டிய அவசியமில்லை.

முதலில் தாள்

என் வேலை மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பேச்சாளர்களிடம் செய்தியின் குறிப்பை வாங்குவதுதான் முதல் வேலை. "ஆவியானவர் நடத்துகிறபடி பேசுவேன்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் முழுக் குறிப்பைக் கேட்டு வற்புறுத்துவதில்லை. வேத வசனங்கள், ஆட்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், எண்கள், சொல்லப்போகும் கதைகளின் சுருக்கம், இந்த ஐந்தை மட்டும் கேட்பேன். இதைத் தர மறுத்தவர்கள் யாருமில்லை.

வசனங்களை அந்தந்த மொழியில் முழுதாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அதிகாரமும் வசன எண்ணும் மட்டும் போதாது, வேதாகமத்தைப் புரட்டி எடுப்பதற்குள் பேச்சாளர் மூன்று வாக்கியம் தாண்டியிருப்பார். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் 1871இல் போவர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமத்தை வாசிக்கிறார்கள். 1995இல் வந்த திருவிவிலியம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பழக்கம். சீனர்களுக்கு 1919இல் வெளியான யூனியன் மொழிபெயர்ப்பு மனப்பாடம். சபையார் மனதில் பதிந்த வடிவத்திலேயே வசனம் காதில் விழுந்தால் கேட்பது சுலபம், மொழிபெயர்ப்பவருக்கும் பாரம் குறையும்.

எண்களுக்கென்று ஒரு அட்டை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். மில்லியன், பில்லியன் என்று கேட்டு லட்சம், கோடி என்று சொல்வதற்குள் வாக்கியம் ஓடிவிடும். 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி என்று கண்ணுக்கு நேரே இருந்தால் யோசிக்க வேண்டாம். சீனத்தில் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுவார்கள். அவர்களுக்கு அட்டை வேறு. அதை அவர்கள் குழுவே எழுதித் தரட்டும்.

தாளை ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பக்க எண் போடுங்கள், பின் அடிக்காதீர்கள். பின் அடித்த தாளைப் புரட்டும் சத்தம் மைக்கில் நன்றாகவே கேட்கும். மிஷன் வீடியோ போடுவதாக இருந்தால் அதன் வசனத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வீடியோவில் பேசுகிற குரல் எழுதிவைத்ததை வாசிக்கும் குரல், மூச்சு வாங்காது. பாடல்களை மொழிபெயர்க்கச் சொல்லவே வேண்டாம். சாராம்சத்தை முன்பே தாளில் கொடுத்துவிட்டால் பாட்டு நேரம் மொழிபெயர்ப்பாளருக்கு ஓய்வாகும்.

அடுத்தது சத்தம்

சபையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கும் சத்தம் மொழிபெயர்ப்பாளருக்குப் போதாது. அவர் தன் குரலுக்கு மேலாகப் பேச்சாளரின் குரலைக் கேட்க வேண்டும். அதனால் அறைக்குள் ஸ்பீக்கர் வைப்பது உதவாது. சவுண்ட் மேஜையிலிருந்து நேராக ஹெட்போனுக்கு ஒரு லைன் வர வேண்டும்.

அந்த லைனில் பேச்சு மட்டும் வர வேண்டும், வாத்தியம் கூடாது. செய்தி முடிந்து ஜெபம் தொடங்கும்போது கீபோர்டு வாசிக்கிறவர் மெல்ல இசை சேர்ப்பார். சபையாருக்கு அது இதமாக இருக்கும். ஹெட்போனுக்குள் அதே இசை ஜெபத்தின் பாதி வார்த்தைகளை விழுங்கிவிடும். முந்தின நாள் ஒத்திகையிலேயே சவுண்ட் தம்பிகளிடம் சொல்லித் தனி மிக்ஸ் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒத்திகையில் பேச்சை மட்டும் சோதித்துவிட்டுப் போகாதீர்கள். கீபோர்டோடு ஒருவரை ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சபையிலிருந்து யாராவது கேள்வி கேட்டால் மைக் கைக்குப் போன பிறகுதான் பேச வேண்டும். மைக் இல்லாமல் கேட்ட கேள்வி மொழிபெயர்ப்பு கேட்கிறவர்களுக்குக் கேட்காத கேள்விதான். மைக்கோடு ஓடுவதற்கென்றே ஒரு இளைஞரை நிறுத்துங்கள்.

பேச்சாளரின் முகமும் திரையும் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வேண்டும். பல ஆலயங்களில் தாய்மார் குழந்தைகளோடு உட்காருகிற கண்ணாடி அறைதான் அன்றைக்கு மொழிபெயர்ப்பு அறையாக மாறும். முன்னால் தூண் மறைத்தால் உள்ளே ஒரு சின்ன டிவி வையுங்கள்.

தொண்டையும் நேரமும்

கேட்டுக்கொண்டே பேசும் மொழிபெயர்ப்பில் ஒருவர் தொடர்ந்து 20 முதல் 30 நிமிடம்தான் பேச வேண்டும் என்பது இத்தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். அதற்கு மேல் போனால் தவறுகள் கூடும், பேசுகிறவருக்கே அது தெரியாது. ஆகவே ஒரு மொழிக்கு இரண்டு பேராவது வேண்டும். "சிஸ்டர் நல்லா பண்றாங்க, அவங்களே முழுசும் பண்ணட்டும்" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். நேரம் வந்ததும் இரண்டு பேருக்கும் விரலைக் காட்டுங்கள். வசனத்தின் நடுவில் மாற்றாமல் ஒரு கதை முடிகிற இடத்தில் மாற்றிக்கொள்வார்கள். ஓய்விலிருப்பவர் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்களையும் பெயர்களையும் எழுதிக் காட்டுவார். அவருக்கு ஒரு நோட்டும் தடித்த பேனாவும் வைத்துவிடுங்கள்.

தண்ணீர் சாதாரணச் சூட்டில், மூடியை முன்பே திறந்து மூடிய பாட்டிலில் இருக்கட்டும். கசங்கும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். வளையல், சாவிக்கொத்து, மேஜையில் அதிரும் போன், இவை மூன்றும் அறைக்கு வெளியே. இருமல் வந்தால் அழுத்த வேண்டிய பொத்தான் எது என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். ஜூன் மாதக் குளிரில் ஹீட்டரைக் கூட்டிவைத்தால் தொண்டை வறண்டுவிடும், அதன் விசிறிச் சத்தமும் மைக்கில் ஏறும். கூட்டம் தொடங்கும் முன்பே அறையைச் சூடாக்கிவிட்டு ஹீட்டரை அணைத்துவிடுவது நல்லது.

மேடைக்கு ஒரு மஞ்சள் அட்டை

1945 நவம்பரில் தொடங்கிய நூரம்பெர்க் விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என்று நான்கு மொழிகளில் கேட்டுக்கொண்டே மொழிபெயர்த்தார்கள். பேசுகிறவர் வேகமாகப் போனால் அவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நாங்கள் அதே ஏற்பாட்டை ஒரு மஞ்சள் அட்டையால் செய்துகொள்கிறோம். முதல் வரிசையின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மொழிபெயர்ப்பு அறையிலிருந்து கை காட்டினால் அட்டையை மார்பளவுக்கு உயர்த்துவார்.

இது வேலை செய்ய வேண்டுமானால் பேச்சாளரிடம் முன்பே சொல்லி, அட்டையை அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மேடை ஏறும் முன் நான் சொல்வது இவ்வளவுதான்: "பாஸ்டர், கதை சொல்லும்போது நீங்க எப்பவும் போல பேசலாம். வசனம் வாசிக்கும்போது மட்டும் மெதுவா வாசிங்க. நகைச்சுவை சொன்னா ரெண்டு வினாடி பொறுங்க, சீனக்காரங்களும் சிரிச்சிடுவாங்க." இந்தக் கடைசி வரி நன்றாக எடுபடுகிறது. மூன்று முறை சிரிப்பு வருவதைக் கேட்க எந்தப் பிரசங்கியாருக்குத்தான் ஆசை இருக்காது!

ரிசீவர் மேஜை

வாசலில் ரிசீவர் கொடுக்கிற மேஜையில்தான் ஆள் அதிகம் வேண்டும். புது பேட்டரி போட்டு, ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பார்த்து, எண் ஒட்டி வைக்க வேண்டும். எந்த மொழி எந்தச் சேனல் என்று அந்தந்த எழுத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். "தம்பி, இதுல பாஸ்டர் சத்தம் வரல, சைனீஸ் வருது" என்று ஏதாவதொரு பெரியவர் செய்தி தொடங்கின பிறகு கையைத் தூக்குவார். அவருக்கு விளக்கம் சொல்ல நேரமிருக்காது. பக்கத்தில் குனிந்து சேனலை மாற்றி, அவர் தலையாட்டும் வரை நின்றுவிட்டு வர வேண்டும். அதனால் இரண்டு பேர் கூட்டம் முடியும் வரை உட்காராமல் சபைக்குள் நடமாட வேண்டும்.

கருவி அகச்சிவப்புக் கதிரில் இயங்குவதா, ரேடியோவில் இயங்குவதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது, நேர் வெயில் பட்டாலும் தடுமாறும். ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்குக் கேட்காது. ரேடியோ என்றால் சமையலறையில் வேலை செய்கிறவர்களும் கேட்கலாம்.

கூட்டம் முடிந்த பிறகு

இடைவேளை வந்தால் மொழிபெயர்ப்பாளரைச் சுற்றி ஆட்கள் கூடிவிடுவார்கள். பேசிப் பேசியே அவர் சாப்பாட்டு நேரம் போய்விடும். வரிசை தொடங்கும் முன்பே அவர் தட்டைப் பரிமாறி அறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மதியக் கூட்டத்தின் தரம் இந்தத் தட்டில்தான் இருக்கிறது.

தனி ஜெபத்துக்கு மக்கள் முன்னே வரும்போதும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். ஜெபிக்க உதவுவது சரி. பேச்சு விசா, வீட்டில் நடக்கும் அடிதடி, மருந்து, வழக்கு என்று திரும்பினால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் தொண்டர்கள் பெரும்பாலும் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இல்லை. அதே சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் சொல்கிறவருக்கும் பிறகு சங்கடம். ஆஸ்திரேலியாவில் 1973இலிருந்தே அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. இன்று 131 450 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்க நாட்டி என்ற அமைப்பு 1977இல் ஏற்பட்டது. ஜெபக் குழுவிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் இந்த எண்ணை அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

கடைசியாக ரிசீவர்களை எண்ணி வாங்கித் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்தால் வேலை முடிந்தது. அன்று தடுமாற வைத்த பெயர்களையும் சொற்களையும் மொழிபெயர்ப்பாளர்களிடம் அப்போதே கேட்டு எழுதிவைத்தால் அடுத்த மாநாட்டுக்குப் பாதித் தயாரிப்பு ஆகிவிடும்.

பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்கு

சபைகள் பொதுவாகக் குழந்தைகளோடு பணிபுரிவதற்கான அனுமதி அட்டையைக் கேட்கின்றன. விக்டோரியாவில் தொண்டர்களுக்கு அது இலவசம், ஐந்து ஆண்டு செல்லும். கையில் வரத் தாமதமாகலாம் என்பதால் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். மாநாடு நீண்ட வார இறுதியில் என்றால் ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்களா என்று பார்த்து, கார் இல்லாத மொழிபெயர்ப்பாளர்களை அழைத்துவர ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

நன்றி சொல்லும்போது மேடையில் மொழிபெயர்ப்பாளர்களின் பெயரைச் சொல்வார்கள், உங்கள் பெயர் வராது. அதில் குறைபட ஒன்றுமில்லை. இரண்டு மொழி தெரிந்தவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு முறை செய்து களைத்து, மறுமுறை வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மொழி இல்லை, கவனிக்க ஆளில்லாததுதான். அடுத்த மாநாட்டுக்கு ஆள் கேட்கும்போது, "எனக்கு அந்த மொழி வராதே" என்று பின்வாங்காமல் கையைத் தூக்குங்கள்.