நாய்தானே பிடிச்சது?

மாசி சிவராத்திரி நெருங்கினால் தேனிப் பக்கத்து இளவட்டங்களில் சிலருக்குக் கை நமநமக்கும். நெற்றியில் கட்டும் டார்ச், சுருக்குக் கம்பி, இரவல் நாய், வழி தெரிந்த பங்காளி ஒருவர் என்று முதல் வேட்டைக்கான ஏற்பாடு ஓசையில்லாமல் நடக்கும். கூடவே ஆளுக்கொரு சட்டமும் சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் இயற்றப்பட்ட சட்டங்கள் அவை.

முதல் சட்டம்: "முயலும் பன்னியும் சின்ன உருப்படிண்ணே. புலி, மான் அடிச்சாத்தான் கேஸு."

பெரியவர்கள் இதைச் சொன்னால் அதில் பழைய உண்மை கொஞ்சம் உண்டு. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஒரு வழி இருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அதை அடைத்துவிட்டது. பாதுகாக்க வேண்டிய விலங்குகளை வரிசைப்படுத்தும் அன்றைய அட்டவணைகளில் காட்டுப்பன்றி மூன்றிலும் முயல் நான்கிலும் இருந்தன. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டையும் இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றிவிட்டது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு, 7 வரை போகும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வருசநாட்டுப் பக்கம் எந்த வரப்போடு பட்டா முடிகிறது, எந்தக் கல்லோடு காப்பகம் தொடங்குகிறது என்று டார்ச் வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்? ரேஞ்சருக்குத் தெரியும். அவர் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வாதம்: "நாய்தானே பிடிச்சது, நானா பிடிச்சேன்?"

சட்டத்தை எழுதியவர்கள் இந்த ஆளை முன்பே சந்தித்திருப்பார்கள் போலிருக்கிறது. வேட்டை என்றால் என்ன என்பதற்கு அவர்கள் தந்திருக்கும் விளக்கம் கொல்வதோடு நிற்கவில்லை. விஷம் வைப்பது, பிடிப்பது, நாயை ஏவித் துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாமே வேட்டைதான். இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. ஆகவே கன்னியோ சிப்பிப்பாறையோ முயலை விரட்டி, முயல் தப்பி வேலிக்குள் புகுந்து, நாய் வெறும் வாயோடு திரும்பினாலும் குற்றம் முடிந்துவிட்டது. வேலி ஓட்டையில் பைக் கிளட்ச் கம்பியைச் சுருக்குப் போட்டு முளையடித்துவிட்டு வீட்டில் போய்த் தூங்கினாலும் அப்படியே. அந்தச் சுருக்கில் முயல்தான் விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சிறுத்தை இடுப்பில் இறுகினால் வழக்கு முதல் அட்டவணைக்குப் போகும். வேட்டைக்குப் போன பைக்கும் பறிமுதலாகும். அதற்கு இன்னும் தவணை கட்டி முடிந்திருக்காது.

"சாமிக்குன்னா விதிவிலக்கு உண்டு" என்பது மூன்றாவது. இல்லை. சாமிக்காக வேட்டையாடும் பாரிவேட்டை பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கம்தான். ஆனால் நம் கோயில்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. விஜயதசமியன்று சாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டு அம்பு போடுகிறார். ஒரு விலங்கும் சாவதில்லை, திருவிழாவும் குறைவதில்லை. படையலில் முயல் கறி இருந்தே தீர வேண்டும் என்பவர்களுக்குப் பண்ணை முயல் இருக்கிறது. அது ஐரோப்பிய வழி வந்த வேறு இனம்; வளர்க்கவும் வெட்டவும் தடையில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் முயல் வளர்ப்பு ஆய்வே நடக்கிறது. பண்ணை முயலின் குட்டி ரோமமில்லாமல், கண் மூடிப் பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி புல்தரையிலேயே ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். தாய் சாக்குப் பைக்குள் போய்விட்டால் அது அங்கேயே குத்த வைத்துக் காத்திருக்கும்.

இப்போது செல்போனில் அமெரிக்க வேட்டை வீடியோ பார்த்துவிட்டு, "அங்க வெட்டவெளியில பிராங்ஹார்ன் மானை அவனவன் சுடுறான்" என்கிறார்கள். அவனவன் சுடுவதில்லை. வயோமிங் போன்ற மாநிலங்களில் எந்தப் பகுதியில் எத்தனை உருப்படி என்று அரசு முதலில் எண்ணிக்கை வைக்கும். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலும் குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கே அனுமதி. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி 1937-ல் வந்த சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. அதற்கு முன்னால் சுட்டுச் சுட்டு அந்த இனமே அழியும் நிலைக்குப் போயிருந்தது. அதுபோல வெட்டவெளியில் ஓடும் நம் வெளிமானைக் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் பார்க்கலாம். பார்க்க மட்டும்.

அவுட்டுக்காய்ப் பேர்வழிகளிடம் வாதமே வேண்டாம். பழத்துக்குள் வெடிமருந்து வைத்தால் பன்றி மட்டும் கடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2020-ல் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்து ஆற்றுக்குள் நின்றபடியே செத்தது கருவுற்றிருந்த யானை. மேய்ச்சல் மாடும் கடிக்கும். உருட்டுகிறவன் விரலும் போகும்.

கடைசியாக விவசாயியின் வாதம்: "என் கடலைக்காட்டை உழுதுட்டுப் போகுது. என் பட்டாவுல நான் அடிக்கக் கூடாதா?" இதை மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரே ராத்திரியில் ஒரு கூட்டம் பன்றி அரை ஏக்கரைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவன் கோபப்படாமல் என்ன செய்வான்? இருந்தாலும் நிலம்தான் அவருடையது, பன்றி அரசாங்கத்துடையது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3-க்கு அப்பால் வந்தால் சுடலாம். சுடுவதும் வனத்துறை ஆள்தான். இரண்டு பக்கமும் மலை நெருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், தேவாரம், கோம்பை அடிவாரத் தோட்டக்காரர்களில் பலருக்கு இந்தக் கணக்கால் பெரிய பலன் இல்லை என்பதே என் எண்ணம். அதற்காக மோட்டார் லைனிலிருந்து கம்பி இழுத்து வேலியில் விட்டால், விடியற்காலையில் அதில் கிடப்பது தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருக்கலாம்.

உடனே குமுளிப் பக்கம் கை காட்டுவார்கள்: "மேல கேரளாவுல சுடுறாங்களே?" ஆமாம், 2022 முதல் அங்கே உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிடலாம். ஆனால் சுடுபவர் லைசென்ஸ் துப்பாக்கியோடு பட்டியலில் பெயருள்ளவராக இருக்க வேண்டும். விஷம், வெடி, கரன்ட் எதுவும் கூடாது. சுட்ட பன்றியைக் கணக்கெழுதி அப்புறப்படுத்த வேண்டும். ஒரு துண்டு கறிகூட யார் வீட்டுச் சட்டிக்கும் போகாது.