நாயின் ஈஸ்ட் தொற்றும் பச்சிலை வைத்தியமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காதைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பு நிறப் பிசுபிசுப்பு. நக்கி நக்கிச் செம்பட்டை ஏறிய விரலிடுக்கு. குளிப்பாட்டிய இரண்டாம் நாளே புளித்த வாடை. அக்குளும் தொடையிடுக்கும் கருத்துத் தடித்திருக்கும். மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகியிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் இவை. புழுக்கம் மிகுந்த நம் ஊர்களில் லாப்ரடார், பக், ஷிட்சு வளர்ப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. உடனே கை போவது வேம்பு, மஞ்சள், குப்பைமேனி பக்கம்தான். அவற்றைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளைக் கொஞ்சம் சலித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஈஸ்ட் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமி. அதைக் கொன்றால் நோய் தீர்ந்தது.

உண்மை: நல்ல நிலையில் இருக்கும் நாயின் காதிலும் உதட்டோரத்திலும் விரலிடுக்கிலும் இந்த ஈஸ்ட் எப்போதும் குடியிருக்கிறது. ஒவ்வாமை, தெள்ளுப்பூச்சிக் கடி, தைராய்டு குறைபாடு, தோல் மடிப்பில் தேங்கும் ஈரம் என ஏதோ ஒன்று தோலின் காவலைக் குலைத்த பிறகே அது பெருகுகிறது. பச்சிலையோ கடை ஷாம்புவோ, எதைப் போட்டாலும் பெருக்கம் மட்டுமே அடங்கலாம். காரணம் அப்படியே கிடக்கும். மாதம் தவறாமல் தொற்று திரும்பி வருகிறதென்றால் மருந்தை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேடுவதே வழி.

நம்பிக்கை: அரிப்பும் நாற்றமும் இருந்தால் ஈஸ்ட்தான். சோதனை எதற்கு?

உண்மை: சொறி உண்டாக்கும் நுண்ணுண்ணி, பாக்டீரியா, படர்தாமரைப் பூஞ்சை எல்லாமே அரிப்பையும் முடி உதிர்வையும் தரக்கூடியவை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. சோதனையும் பெரிய காரியமில்லை. கால்நடை மருத்துவர் ஒரு துண்டு செலோடேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்பார். ஈஸ்ட் என்றால் நடுவில் இடுங்கிய வேர்க்கடலை வடிவில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: பச்சிலைக்குப் பக்கவிளைவு கிடையாது.

உண்மை: நாய் நக்கும். இந்த ஒன்றை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலான கைவைத்தியங்கள் சொல்லப்படுகின்றன. தோலில் தடவியது அடுத்த சில நிமிடங்களில் வயிற்றுக்குள் போய்விடும். கற்றாழையின் உட்சோறு பெரிதாகக் கெடுதல் செய்யாது. தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் பேதியாக்கும். பூண்டை அரைத்துச் சோற்றில் கலந்தால் அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கருப்பதும் சில நாள் கழித்தே தெரியவரும் என்பதால் பூண்டின் மேல் யாருக்கும் சந்தேகம் எழாது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது டீ ட்ரீ எண்ணெய். நீர்க்காத டீ ட்ரீ எண்ணெயால் நாய்களும் பூனைகளும் பாதிக்கப்பட்ட 443 நிகழ்வுகளை அலசிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. 2002 முதல் 2012 வரையிலான பதிவுகள் அவை. தள்ளாட்டம், நடுக்கம், கால் வலுவிழத்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். தோல் வழியாகவே உடலில் ஏறும் நஞ்சு அது. ‘இயற்கை’ என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும் அதை நாய்மேல் விடாதீர்கள்.

நம்பிக்கை: வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பூஞ்சையை அழித்துவிடும்.

உண்மை: ஆய்வகத்தில் இரண்டுக்கும் பூஞ்சையை எதிர்க்கும் திறன் தென்பட்டிருக்கிறது. நாயின் தோல் ஆய்வகத் தட்டு அல்ல. மலசீசியா தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க முடியாத உயிரி. தோலில் கசியும் கொழுப்பை நம்பியே வாழ்கிறது. பிசுக்கேறிய தோலில் மேலும் எண்ணெய் பூசினால் அழுக்கும் ஈரமும் சேர்ந்து அடைந்துகொள்ளும். முதலில் பிசுக்கைக் கழுவி நீக்குவதுதான் சிகிச்சை.

நம்பிக்கை: மனிதருக்கும் மாட்டுக்கும் கேட்ட மருந்து நாய்க்கும் கேட்கும்.

உண்மை: சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று படர்தாமரைக்குப் பூசுவது நமக்குத் தெரிந்ததே. மனிதருக்கு வரும் தேமலும் மலசீசியா இனத்தால் வருவதுதான். அதில் இந்த இலைச்சாறு பலன் தந்ததாக 1994இல் ஆய்வும் வெளியாகியிருக்கிறது. ஆனால் அதே இலை உள்ளே போனால் பேதி. மனிதர் கையை நக்குவதில்லை, நாய் நக்கும். மாட்டின் மடிநோய்க்குச் சொல்லப்படும் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவையும் அப்படித்தான். மடிக்கென்று வகுத்த அதை, சொறிந்து புண்ணான நாயின் தோலில் பூசினால் சுண்ணாம்பு எரித்துவிடும்.

நம்பிக்கை: காதில் ஆப்பிள் சீடர் வினிகர் விட்டால் சரியாகிவிடும்.

உண்மை: புண்பட்ட காதில் அமிலம் பட்டால் நாய் அலறும். செவிப்பறை கிழிந்திருந்தால் திரவம் நடுச்செவிக்குள் இறங்கும், செவித்திறனே பாதிக்கப்படலாம். செவிப்பறையைப் பார்க்காமல் எதையும் காதில் விடக்கூடாது.

நம்பிக்கை: சோற்றை நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினியால் சாகும்.

உண்மை: தோலில் வாழும் ஈஸ்டுக்குத் தட்டில் இருக்கும் சோறு தீனி அல்ல. உணவு ஒவ்வாமை தொற்றுக்கு மூலமாக இருக்கலாம் என்பது வேறு விஷயம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அதில் அடிக்கடி சிக்குபவை. அதைக் கண்டறிய, மருத்துவர் சொல்லும் ஒரே உணவைக் குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எது உதவும்? 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீத மைக்கோனசோலும் கலந்த ஷாம்புவுக்கே வலுவான சான்று இருக்கிறது. வாரம் இருமுறை போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். நுரைத்ததும் தண்ணீர் ஊற்றிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்களே அதிகம். குளித்த பின் விரலிடுக்கையும் மடிப்புகளையும் ஈரமின்றித் துடையுங்கள். தாவரங்களுக்கும் துணைப் பங்கு உண்டு: மாவாக அரைத்த ஓட்ஸ் கரைத்த தண்ணீர் அரிப்பைத் தணிக்கும், ஈஸ்டைக் கொல்லாது. வேறெந்த இலையைப் பறிக்கும் முன்பும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை நாய் நக்கினால் என்ன ஆகும்? ஈஸ்ட் ஏன் பெருகியது? இரண்டுக்கும் விடை தெரியாதபோது போக வேண்டிய இடம் கொல்லை அல்ல, கால்நடை மருத்துவமனை.