முதல் தடவை இடங்கிட்டாதார் கவனத்திற்கு

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியும் பேராதனையிற் பிரவேசம் கிட்டாத கண்டி மாணவர், மறுபடி தோற்றுவதா, வேறு வழி தேடுவதா என்று நிச்சயிக்குமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பட்டியலை விரித்து, தாம் விரும்பிய கற்கைநெறிக்குக் கண்டி மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி யாதெனத் தமது இசட் புள்ளியோடு ஒப்புநோக்குதல் உசிதம். நுவரெலியாவிலிருக்கும் மைத்துனருடைய புள்ளி நமக்குப் பிரமாணமாகாது. கலை முதலிய சில நெறிகள் நீங்கலாக, இடங்களில் 40 வீதமே அகில இலங்கைத் திறமைக்குரியது, 55 வீதம் சனத்தொகை விகிதாசாரப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் நுவரெலியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன.

ஒரே வருஷத்துப் பட்டியலை நம்பிவிடாமல், மூன்று நான்கு வருஷத்தியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். இசட் புள்ளியோ அவ்வப்பாடத்துச் சராசரியிலிருந்து நம் புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறதென்பதன் அளவாகையால், அதே எழுபது புள்ளி அடுத்த வருஷம் அதே ஸ்தானத்தைத் தருமென்பதற்கு உத்தரவாதமில்லை.

மூன்று தடவையே தோற்றலாம். பதிவு செய்யாதார் விட்ட வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படுவதுமுண்டு. ஆதலால், அயலார் மெச்சும் வரிசையில் அன்றி, மெய்யாகவே விரும்பும் வரிசையில் விண்ணப்பத்தை நிரப்புக.