பிடித்த பிரேக் விடவில்லை

தேவிகுளம். பிற்பகல் 2 மணி. மழை விட்டு மூடுபனி இறங்குகிறது. பட்டறை முன்னால் ஒரு பழைய ஜீப் வந்து நிற்கிறது.

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. டீசலும் நிறையக் குடிக்குது. ஸ்டியரிங் இடது பக்கமாப் போகுது" என்கிறார் ஓட்டுநர்.

மேஸ்திரி எஞ்சினைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோகிறார். தொடவில்லை. மூன்று சக்கரங்களில் லேசான சூடு. முன் இடது சக்கரத்தில் அனல் அடிக்கிறது. கருகிய வாடையும் வருகிறது.

"பிரேக் பிடிச்சபடியே இருக்கு, தம்பி."

"பிடிக்கத்தானே செய்யுது? பூப்பாறையில ஏலத்தோட்டத்துப் பொம்பளைங்க காத்திருப்பாங்க. போடியில இறக்கிவிட்டுட்டு நாளைக்கு வர்றேன் அண்ணே."

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது வேறு.

நாம் பெடலை மிதிக்கிறோம். குழாயில் உள்ள பிரேக் ஆயில் சக்கரத்துக்குள் அழுத்துகிறது. இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மில் உரசுகின்றன. வண்டி நிற்கிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளே இழுத்துவிட வேண்டும். இழுக்காவிட்டால் ஓயாமல் உரசும். டிரம் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. சூடு ஏறினால் அந்த ஈரம் ஆவியாகும். ஆயிலில் குமிழி விழும். அப்போது மிதித்தால் பெடல் தரை வரை போகும். வண்டி நிற்காது.

போடிமெட்டிலிருந்து கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இந்த வண்டி இறங்கலாமா?

"வேற ஜீப்பை அனுப்பச் சொல்லு" என்றார் மேஸ்திரி. ஓட்டுநர் முகம் சுண்டிப் போனது. ஒரு நாள் வாடகை போச்சு. இருந்தாலும் போன் செய்தார்.

மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து ஜாக்கி வைத்தார்கள். வண்டிக்கு அடியிலும் உறுதியான தாங்கி வைத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கையால் சுற்றினால் சக்கரம் அசையவில்லை.

குற்றம் எங்கே? சக்கரத்திலா, மேலே மாஸ்டர் சிலிண்டரிலா? மேஸ்திரி சக்கரத்தின் பின்புறமுள்ள நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரமும் விட்டிருந்தால், அழுத்தம் குழாயிலேயே தங்கியிருந்தது என்று பொருள். அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் ரப்பர் ஹோஸையும் பார்க்க வேண்டும். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்வது உண்டு. இங்கே ஆயில் சொட்டியது. சக்கரம் விடவில்லை. ஆக, குற்றம் சக்கரத்துக்குள்.

சூடு ஆறியதும் டிரம்மைக் கழற்றினார்கள். உள்ளே ஒரே தூசி. ஓட்டுநர் குனிந்து ஊதப் போனார்.

"ஊதாதே! பழைய லைனிங்கில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலைக் கெடுத்திடும்."

ஈரத் துணியால் துடைத்தார்கள். லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. மழைக்காலம் முழுக்க வண்டி ஓடாமல் நின்றதாம்.

வீல் சிலிண்டர் புதிது போட்டார்கள். ஸ்பிரிங்குகளையும் மாற்றினார்கள். லைனிங்கை முன் சக்கரம் இரண்டிலும் மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநர் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தார். மேஸ்திரி பிடுங்கி வைத்தார். மண்ணெண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். ரப்பர் பாகங்களைப் பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும்.

பிறகு ஏர் எடுத்தார்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கினார்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்தார். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். குமிழி வராமல் ஆயில் மட்டும் வரும்வரை இதையே செய்தார்கள்.

இருட்டிவிட்டது. மறுநாள் காலை இருவரும் ஆள் ஏற்றாமல் கேப் ரோடு வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஏறிய கியரிலேயே இறங்கினார்கள். நிறுத்தியதும் ஓட்டுநரே இறங்கிப் புறங்கையைக் கொண்டுபோனார். நான்கு சக்கரமும் ஒரே சூடு.

"சரி அண்ணே, நான் பூப்பாறைக்குக் கிளம்புறேன்."